மூன்று வெட்டு ஹேமர்

எனக்குக் கோபம் அதிகம். பள்ளிப் பேருந்துகளின் கதவைப் பழுது பார்க்கும் வேலை எனக்கு. காற்றழுத்தத்தில் திறந்து மூடும் கதவுகள் அவை. எங்கே காற்று கசிந்தாலும் அந்தச் சத்தம் என் காதில் விழுந்துவிடும். விழுந்த மறுகணம் "எவன்டா இதை மாட்டினது?" என்று பட்டறை அதிரக் கத்திவிடுவேன். பெரும்பாலும் நான் சொல்வதுதான் சரியாக இருக்கும். அதுதான் என் வியாதி என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று வருடமாக நான் ஊட்டி வளர்த்த கோபம் ஒன்று இருந்தது. ராய்ஸ் டால்காம்ப் மேல். அவன் என் மார்க்கரைத் திருடியவன்.

மார்க்கர் என்றால் பெயின்ட்பால் ஆட்டத்தில் சாய உருண்டையைச் சுடும் கருவி. அதைத் துப்பாக்கி என்று சொன்னால் எங்கள் களத்தில் யாரும் உங்களோடு பேச மாட்டார்கள். என்னுடையது ஹெரன் என்ற பழைய பம்ப் மார்க்கர். ஒவ்வொரு உருண்டைக்கும் கையால் ஒரு முறை பின்னால் இழுத்து முன்னால் தள்ள வேண்டும். எங்கள் இண்டியானா மாநிலத்திலேயே ஒரு சின்னப் பட்டறை எட்டு வருடம் அதைச் செய்தது. தொண்ணூற்றாறில் கடையை மூடிவிட்டார்கள். அன்றிலிருந்து உதிரிபாகம் வேண்டுமென்றால் சந்தை சந்தையாக அலைய வேண்டியதுதான். அந்த அலைச்சலில்தான் எங்களைப் போன்றவர்களின் ஞாயிற்றுக்கிழமைகள் போகின்றன.

மூன்று வருடம் முன்பு ஓர் ஆட்டம் முடிந்து, மார்க்கரைக் களத்து மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் மேசை காலி. ஆறு வருடம் ஒவ்வொரு துண்டாகத் தேடிச் சேர்த்து நான் கட்டிய மார்க்கர் அது. அன்று நான் அழவில்லை, ஒரு குப்பைத் தொட்டியை உதைத்து நசுக்கினேன்.

ஒரு மாதம் கழித்து, அதே மேசையில், ராய்ஸ் தன் ஹெரனைப் பிரித்து ரப்பர் வளையம் மாற்றிக்கொண்டிருந்தான். அவன் தரைவிரிப்பு பதிக்கிறவன். முழங்கால் இரண்டும் காய்த்துப்போன, அதிகம் பேசாத ஆள். பிரித்த பாகங்களைத் துணி மேல் வரிசையாக வைத்திருந்தான். அதில் ஹேமரும் இருந்தது. ஹேமர் என்றால் கட்டைவிரல் பருமனில் ஓர் உருளை எஃகு. டிரிகரை இழுத்தால் ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும், அது போய் வால்வை அடிக்கும், காற்று பீறிட்டு உருண்டை பறக்கும். அவனுடைய ஹேமரின் அடிப்பக்கத்தில் அரத்தால் போட்ட மூன்று வெட்டு இருந்தது.

என் ஹேமரிலும் அதே இடத்தில் மூன்று வெட்டு உண்டு. நான் போட்டதல்ல. பழைய பாகமாக வாங்கும்போதே இருந்தது. முன்பு வைத்திருந்த யாரோ அடையாளத்துக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்து அப்படியே விட்டிருந்தேன். அதுவரை முப்பது ஹெரனாவது பிரித்துப் பார்த்திருப்பேன். ஒன்றில்கூட அப்படி ஒரு வெட்டைப் பார்த்ததில்லை. வேறென்ன சாட்சி வேண்டும் எனக்கு?

கத்தினேன். நாற்பது பேர் திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். திருடன் என்றேன், இன்னும் எழுத முடியாதது என்னென்னவோ சொன்னேன். களத்தின் முதலாளி லாமர் காஸ் வந்தான். என் பழைய கூட்டாளி. அவனுடைய ஆட்டங்களுக்குப் பதினோரு வருடமாக நான்தான் நடுவர். ஹேமரைக் கையில் எடுத்துப் பார்த்தான், என்னைப் பார்த்தான், "டெல்லா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றான். ராய்ஸ் ஏதோ சொன்னான். அது எனக்குக் கேட்கவில்லை, நான் கத்திக்கொண்டிருந்தேன். லாமர் அந்த ஹேமரை என் கையில் கொடுத்துவிட்டு, ராய்ஸைப் பார்த்து இனிமேல் கேட்டுக்கு உள்ளே கால் வைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினான்.

மிச்ச பாகங்களை எங்கே விற்றான் என்று கேட்டு இரண்டு கடிதம் போட்டேன். பதில் வரவில்லை. பதில் வராததையும் அவன் கணக்கில்தான் எழுதினேன்.

அப்புறம் அந்த ஒரே ஒரு ஹேமரைச் சுற்றி ஒரு புது மார்க்கரைக் கட்டத் தொடங்கினேன். எனக்கு வேண்டியது மார்க்கர்கூட இல்லை. திருடன் பார்க்கும்படி அதைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மார்ச் மாதம் எல்லாம் சேர்ந்துவிட்டது. மார்க்கரின் உடலான பாடி ஒஹாயோவிலிருந்து வந்தது. உருண்டை வெளியேறும் பேரல் ஒரு விவசாயியின் கொட்டகையில் கிடைத்தது. பம்ப் கைப்பிடியை நானே வால்நட் மரத்தில் கடைந்தேன். ஆனால் வேகம் ஒரு நிலையில் நிற்கவில்லை. எங்கள் களத்தில் வினாடிக்கு இருநூற்று எண்பது அடிக்கு மேல் போகக் கூடாது. வேகமானியில் வைத்தால் என்னுடையது ஒரு முறை முந்நூற்றுப் பத்து காட்டும், அடுத்த முறை இருநூற்று ஐம்பது காட்டும். வால்வுக்குள் இருக்கும் குட்டி ஸ்பிரிங் இந்த ஹேமருக்குப் பொருந்தவில்லை. அது ஒன்றுதான் பாக்கி.

வருடத்துக்கு ஒரு முறை மாவட்டக் கண்காட்சி மைதானத்தின் கால்நடைக் கொட்டகையில் பழைய பாகங்களின் சந்தை நடக்கும். லாமரின் வண்டியில் போனோம். உள்ளே நூறு மேசை, மீன்பிடி தூண்டில் பெட்டிகளில் பிரித்து வைத்த திருகும் வளையமும், எண்ணெய் வாசனை, காப்பி வாசனை, போன வாரம் அங்கே நின்ற பன்றிகளின் வாசனை.

மூன்றாவது மேசையிலேயே எனக்குக் கோபம் ஏறிவிட்டது. தாடிக்காரன் ஒருவன் ஒரு வால்வின் மேல் 'முதல் வருடத்து ஹெரன்' என்று சீட்டு ஒட்டி வைத்திருந்தான்.

"இது முதல் வருஷத்து வால்வா?"

"ஆமா. அபூர்வமான சாமான். தொட்டுப் பாக்கலாம், தப்பில்ல."

தொட்டுத்தான் பார்த்தேன். கட்டைவிரல் நகத்தைத் திருகு மரையில் வைத்து ஓட்டினேன். முதல் மூன்று வருடத்து வால்வில் மரை நெருக்கமாக இருக்கும், நகம் நழுவும். இதில் நகம் ஒவ்வொரு படியிலும் தட்டித் தட்டி நின்றது.

"இது தொண்ணூத்தொண்ணுக்கு அப்புறம் வந்தது. இதை வாங்கிட்டுப் போய் எவனாவது பழைய பாடியில திருகினா பாடியோட மரை மொத்தமா போயிடும். தெரியுமா, தெரியாதா?"

"எனக்குக் குடுத்தவன் அப்படித்தான் சொன்னான்."

"குடுத்தவன் சொன்னான், ஒட்டினவன் நீதானே? பாக்காமயே ஒட்டுவியா?"

சீட்டைக் கிழித்து அவன் காப்பிக் கோப்பை பக்கத்தில் போட்டேன். லாமர் என் தோளைப் பிடித்து நகர்த்தினான். "ராணி புறப்பட்டாச்சு, எல்லாரும் ஒதுங்குங்க" என்றான். சிரித்தேன். பார்க்காமலேயே பேர் ஒட்டுகிற ஜாதி இது என்று அவனிடம் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தேன்.

கொட்டகையின் கோடியில் கழிப்பறைப் பக்கம் ஒரு மேசை. அறுபது வயதிருக்கும் ஒரு பெண் தட்டை விடப் பெரிய பன்றிக்கறி சாண்ட்விச்சோடு போராடிக்கொண்டிருந்தாள். முன்னால் முட்டை அட்டைகள். ஒவ்வொரு குழியிலும் ஒரு வகை ஸ்பிரிங். கூட்டமே இல்லை. மேசையில் 'நோரீன் ஸ்டக்கி' என்று பெயர் மட்டும் எழுதியிருந்தது, வேறு விளம்பரம் எதுவும் இல்லை.

"ஹெரனுக்கு வால்வு ஸ்பிரிங் இருக்கா?" என்றேன்.

"இருக்கு தங்கம். எந்த ஹேமர் போட்டிருக்கே?"

"ஹெரன் ஹேமர்தான்."

"அது சரி. எத்தனை வெட்டு? ஒண்ணா, ரெண்டா, மூணா?"

பின்னால் லாமர் காப்பி உறிஞ்சும் சத்தம் நின்றது.

"என்ன வெட்டு?" என்றேன்.

"அடியில அரத்தால போட்டிருக்குமே. நான்தான் போட்டேன். அந்தப் பட்டறையில ஆறு வருஷம் தராசு மேசை என்னோடது." விரலைத் துடைத்துக்கொண்டாள். "கடைசி ரெண்டு வருஷம் எங்களுக்கு வந்த எஃகு சரியில்ல. ஒவ்வொரு ஹேமரும் ஒவ்வொரு எடை. முதலாளி சொன்னார், நோரீன், எடை போட்டுப் பிரின்னு. லேசா இருந்தா ஒரு வெட்டு, நடுத்தரம்னா ரெண்டு, கனம்னா மூணு. அதுக்கேத்த ஸ்பிரிங்கைப் போட்டுப் பெட்டியில அடைப்போம். கூடவே ஒரு அட்டை. அதுலயும் எழுதிருவோம்."

"அப்படி ஒரு வெட்டை நான் எதுலயும் பாத்ததில்லையே. முப்பது மார்க்கர் பிரிச்சிருக்கேன்."

அவள் சிரித்தாள். கெட்ட எண்ணம் எதுவும் இல்லாத சிரிப்பு. "எப்படி இருக்கும்? நீங்க எல்லாம் வாங்கின அன்னிக்கே ஹேமரை எடுத்துப் பளபளன்னு தேய்ச்சுடுறீங்களே. வழவழன்னு ஓடணுமாம். நாங்க உக்காந்து கண்ணு வலிக்க வெட்டு போட்டு அனுப்புவோம், நீங்க அதைத் தேய்ச்சு அழிச்சுட்டு, ஸ்பிரிங் பொருந்தலைன்னு வருவீங்க."

மேசைக்கு அடியிலிருந்து ஒரு காப்பி டின்னை எடுத்து, துணி விரித்து அதன் மேல் கவிழ்த்தாள். ஹேமர்கள் உருண்டன. கடையை மூடிய அன்று ஆளுக்கு ஒரு டின் எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். ஒவ்வொன்றாகத் திருப்பினேன். ஒரு வெட்டு. இரண்டு. மூன்று. ஒன்று. மூன்று. மூன்று. எல்லா வெட்டும் அதே அகலம், அதே சாய்வு, அதே இடம். மூன்று வெட்டு ஹேமர் மட்டும் பதினேழு என்று நான் என் கையால் பிரித்து வைத்தேன்.

தேய்ப்பது உண்மைதான். ஹெரன் கையில் கிடைத்தால் நாங்கள் செய்கிற முதல் வேலை அதுதான். கையில் நயமான உப்புத்தாளை வைத்துக்கொண்டு தொலைக்காட்சி பார்த்தபடியே தேய்ப்போம். நான் பிரித்த முப்பதும் முந்தைய வருடத்தவை, இல்லையென்றால் யாரோ தேய்த்தவை. என்னுடையதை மட்டும் அந்த மூன்று வெட்டு அழகாக இருக்கிறது என்று தேய்க்காமல் விட்டேன். ராய்ஸ் தன்னுடையதைத் தேய்க்கவில்லை. வந்தபடியே வைத்திருந்தான்.

"என்ன தங்கம், மூஞ்சி வெளுத்துப் போச்சு?" என்றாள் நோரீன். "மூணு வெட்டுன்னா இந்த நீல ஸ்பிரிங். எடுத்துட்டுப் போ."

ஸ்பிரிங்கை வாங்கவில்லை. டின்னைக் கேட்டேன். டின்னோடு கொடுத்தாள்.

வண்டியில் ஏறியதும் லாமர் ரேடியோவைப் போட்டான். நான் அணைத்தேன்.

"கேட்டே இல்ல?" என்றேன்.

"கேட்டேன்."

"அவன் திருடல."

"அது எப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றே? மூணு வெட்டு நிறைய இருக்குன்னா, அவன் வச்சிருந்தது உன்னோடதாவும் இருக்கலாம்ல."

"லாமர்."

"இருக்கலாம்னுதான் சொல்றேன். சரி விடு டெல்லா. மூணு வருஷம் ஆச்சு. எல்லாரும் மறந்தாச்சு. இப்போ போய்க் கிளறினா யாருக்கு லாபம்? உன் பேர் கெடும், என் களத்தோட பேர் கெடும். அவன் வேற எங்கயாவது ஆடிக்கிட்டு இருப்பான்."

"எங்கே ஆடுறான்? எந்தக் களத்துல அவனை விட்டாங்க? நீதானே எல்லாருக்கும் போன் போட்டுச் சொன்னே?"

"நீதானே சொல்லச் சொன்னே?"

அது உண்மைதான். லாமர் மேல், தாடிக்காரன் மேல், வரும் வழியில் மெதுவாகப் போன ஒரு டிராக்டர் மேல், யார் மேல் எல்லாமோ கோபம் வந்தது. என் ஒருத்தி மேல் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டேன். வீட்டு வாசலில் இறங்கி லாமரின் வண்டிக் கதவை அறைந்து சாத்தினேன். உள்ளே போய் என் மார்க்கரைப் பிரித்து ஹேமரை உருவி எடுத்தேன். மேசை மேல் வைத்துப் பார்த்தபோதுதான் முழுசாக உறைத்தது. என்னுடைய ஹேமரை யாரோ திருடினார்கள், யார் என்று இன்றுவரை தெரியாது. ஆனால் இந்த ஹேமர் என்னுடையது என்பதற்கு அந்த வெட்டைத் தவிர வேறு சாட்சி எதுவும் என்னிடம் இருந்ததில்லை. ராய்ஸுடையது. நாற்பது பேர் முன்னால் அவனிடமிருந்து பிடுங்கி, மூன்று வருடம் என் வீட்டில் வைத்திருந்தது நான். திருடி நான்தான்.

அன்று மதியமே அவன் வீட்டுக்குப் போனேன். இருபது நிமிடப் பயணம். அவன் வாசலில் வண்டிக்கு எண்ணெய் மாற்றிக்கொண்டிருந்தான். முன்பு அந்த வண்டியின் பக்கவாட்டில் 'டால்காம்ப் தரைவிரிப்பு' என்று பெரிதாக எழுதியிருக்கும். இப்போது அந்த இடத்தில் சுரண்டிய தடம் இருந்தது.

என்னைப் பார்த்ததும் எழுந்தான். வா என்று சொல்லவில்லை.

டின்னைத் திறந்து வண்டியின் பின்பலகையில் கொட்டினேன். நோரீன் சொன்னதைச் சொன்னேன். குரல் எனக்கே கேட்காத அளவுக்குச் சின்னதாக வந்தது. கத்தித்தான் எனக்குப் பழக்கம், இப்படிப் பேசிப் பழக்கமில்லை. அவனுடைய ஹேமரை எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்தான்.

"இது என்னோடது. எடுத்துக்கிறேன். நன்றி எல்லாம் சொல்ல மாட்டேன்."

"சொல்ல வேண்டாம்."

"அன்னிக்கு நான் என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா உனக்கு?"

இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. நான் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் ஞாபகம் இருக்கிறது. அவன் வாய் அசைந்தது மட்டும்தான் ஞாபகம்.

"ஒரு மணி நேரம் குடுங்கன்னேன். என் அண்ணன் புதுசா வாங்கின மார்க்கர், பெட்டியில அட்டை இருக்கு, ஹேமர் மூணு வெட்டுன்னு அதுல எழுதியிருக்கு, வீட்டுக்குப் போய் எடுத்துட்டு வரேன்னேன். நீ, ஓடப் பாக்கிறான் பிடிங்கன்னு கத்தினே."



"எடுத்துட்டும் வந்தேன். நாப்பது நிமிஷத்துல. கேட்டைச் சாத்திட்டாங்க. லாமர் கம்பி வழியா வாங்கிப் படிச்சான். ரெண்டு தடவை படிச்சான். அப்புறம் என்கிட்டயே திருப்பிக் குடுத்துட்டு, 'இப்ப என்ன பண்றது ராய்ஸ், ஆட்டம் ஆரம்பிச்சாச்சு'ன்னான்."

லாமர்! வண்டியில் என் பக்கத்தில் உட்கார்ந்து "விடு டெல்லா" என்றவன். மூன்று வருடமாக நான் கட்டிய மார்க்கரைத் தடவிப் பார்த்து, நல்லா வந்திருக்கு நல்லா வந்திருக்கு என்று சொன்னவன்.

"அவனைக் கொல்றேன் பார்," என்று சாவியைத் தேடினேன்.

"நில்லு," என்றான் ராய்ஸ். அப்போதுதான் முதல் தடவையாக அவன் குரல் உயர்ந்தது. "அவன் மேல கோபத்தைத் தூக்கிக்கிட்டு இங்கேருந்து கிளம்பிடலாம்னு பாக்காதே. உனக்கு அது ரொம்ப வசதி. கத்தினது நீ."

சாவியைக் கையிலேயே வைத்துக்கொண்டேன்.

"என் தொழில் என்ன தெரியுமா? அடுத்தவன் வீட்டுக்குள்ள போறது. படுக்கையறை வரைக்கும் போவேன். கட்டில், பீரோ எல்லாத்தையும் நகத்தித்தான் விரிப்பு போடணும். அந்த நாப்பது பேர்ல பாதிப் பேர் இந்த ஊர்க்காரங்க. திருடன்னு பேர் வந்தப்புறம் யார் உள்ள விடுவா? முதல்ல ஒரு வீடு, வேற ஆள் பாத்துட்டோம்னாங்க. அப்புறம் இன்னொரு வீடு. அந்த வருஷம் முடியறதுக்குள்ள போன் அடிக்கிறதே நின்னு போச்சு. இப்போ கிடங்குல பெட்டி தூக்குறேன். வெளிய போகும்போது தினமும் எங்க பையைச் சோதிப்பாங்க. எல்லார் பையையும்தான் சோதிக்கிறாங்க. ஆனா எனக்கு ஒவ்வொரு தடவையும் உன் குரல்தான் கேக்கும்."

"நான் என்ன செய்யணும், சொல்லு."

"எனக்குத் தெரியாது. நாப்பது பேர் முன்னாடி கத்தினே. அதே நாப்பது பேர் முன்னாடி கத்து. அதுக்கப்புறம் எனக்கு போன் பண்ணு. இங்க வராதே."

ஏப்ரல் முதல் ஞாயிறு எங்கள் களத்தில் பருவத்தின் முதல் ஆட்டம். ஆட்டத்துக்கு முன்னால் எல்லோரையும் கூட்டி வைத்து லாமர் விதிகளைப் படிப்பான். முகமூடியைக் கழற்றக் கூடாது, பேரலுக்கு உறை போட வேண்டும், இத்தியாதி. அவன் இரண்டாவது விதியில் இருந்தபோது நான் அந்த மேசை மேல் ஏறினேன். அதே மேசை.

"எல்லாரும் இங்க பாருங்க," என்றேன். இந்தக் குரலுக்கு ஒலிபெருக்கி தேவையில்லை. "மூணு வருஷம் முன்னாடி இதே இடத்துல ராய்ஸ் டால்காம்பைத் திருடன்னு சொன்னேன். அவன் திருடல. நான் சொன்னது தப்பு. அவனோட ஹேமரை அவன்கிட்டேருந்து பிடுங்கி மூணு வருஷம் வச்சுக்கிட்டது நான். திருடி யாருன்னா நான்தான்."

டின்னைக் கவிழ்த்தேன். ஹேமர்கள் மேசை மேல் உருண்டு கீழே புல்லில் விழுந்தன. எடுத்துப் பாருங்கள் என்றேன். பட்டறையில் எடை போட்ட கதையைச் சொன்னேன். நாமெல்லாம் வெட்டைத் தேய்த்து அழித்துவிட்டு, வெட்டே கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம் என்றேன். அட்டையைப் பற்றிச் சொன்னேன். "லாமர் அதை ரெண்டு தடவை படிச்சான். கேளுங்க அவனை."

யாரும் கேட்கவில்லை. லாமர் கையிலிருந்த தாளையே பார்த்துக்கொண்டு நின்றான். இரண்டு பேர் குனிந்து ஹேமரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்கள். ஒருவன், "கனமானது ஒண்ணு எனக்குக் கிடைக்குமா? என்னோடது வேகம் நிக்க மாட்டேங்குது" என்று கேட்டான். பின்னால் யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள். அன்று நான் திருடன் என்று கத்தியபோது இந்த முகங்கள் எப்படிப் பிரகாசித்தன! முன்வரிசைக்கு வர ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள். இன்று ஒவ்வொருவராகத் தங்கள் காலணிக் கயிற்றைச் சரிசெய்கிறார்கள்.

"பெரிய மனசு உனக்கு டெல்லா," என்றான் முன்னால் நின்ற ஒருவன். அன்று என்னோடு சேர்ந்து மிகச் சத்தமாகக் கத்தியவன். "ஆனாலும் ஒண்ணு சொல்றேன். அந்த ஆளு ஒரு மாதிரிதான். பேசவே மாட்டான். எனக்கு அவனை எப்பவுமே பிடிக்காது."

"பேசினான்டா," என்று கத்தினேன். "ஒரு மணி நேரம் குடுங்கன்னு பேசினான். நாமதான் குடுக்கல."

"சரி, சரி. கோபப்படாதே."

லாமர் தொண்டையைக் கனைத்தான். "அப்போ, ஆட்டத்தை ஆரம்பிக்கலாமா?" என்றான். பாதிப் பேர் உடனே முகமூடியை மாட்டினார்கள். அத்தனை நிம்மதி அவர்களுக்கு.

நான் வண்டிக்குப் போய் ராய்ஸுக்கு போன் செய்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தான். காத்திருந்திருக்கிறான்.

"கத்திட்டேன்," என்றேன்.

"நம்பினாங்களா?"

ஆமாம் என்று சொல்ல நாக்கு வரை வந்துவிட்டது. அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்திருக்கும். அவனும் தூங்கியிருப்பான், நானும் தூங்கியிருப்பேன்.

"நாலு பேர் நம்பினாங்க," என்றேன். "அஞ்சுகூட இருக்கலாம். மத்தவங்களுக்கு நம்ப இஷ்டம் இல்ல. அன்னிக்கு ஒரே நிமிஷத்துல நம்பினவங்க."



"அப்போ அடுத்த ஞாயித்துக்கிழமையும் கத்து," என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மேசையை எடுத்துவிட்டிருந்தார்கள். என் வண்டியின் கூரை மேல் ஏறினேன்.